பக்கத்து அறைக்குச் சேலம் வழி

1989 மே 15, காலை பத்தேகால் மணி. மலைமேல் ஒண்டிக்கடை அருகே இருந்த அந்த அரசு அலுவலகத்தில் வரிசையில் நின்றவர்கள் மூன்று பேர். மூன்றாவது ஆள் கொட்டச்சேட்டுச் சின்னத்தாயி. வெள்ளிக்கிழமை நர்ஸ் பயிற்சிக்கு நேர்முகம். கொட்டச்சேட்டில்தான் குடியிருக்கிறாள் என்ற சான்றிதழ் இல்லாமல் வரக்கூடாதாம்.

போன வருடம் வரை இது கால்மணி வேலை. விசாரிப்பவர் அருள்சாமி; கையெழுத்துப் போடுபவர் அடுத்த அறைத் தேவசிகாமணி. நடுவில் ஒரு ஜன்னல். "அண்ணே, நம்ம ஐயாக்கண்ணு புள்ளதானுங்க" என்று அருள்சாமி அதன் வழியே காகிதத்தை நீட்டினால் முடிந்தது.

இப்போது ஜன்னல் இருந்த இடத்தில் செங்கல். ஒருங்கிணைந்த தகவல் அமைப்புத் திட்டம் மலையேறி வந்திருந்தது. அதன்படி ஒவ்வொரு அறையும் ஒரு தனிக் கட்டகம். கட்டகங்கள் ஒன்றோடொன்று இணையும் வல்லமை பெற்றவை. இணைய வேண்டுமானால் முதலில் பிரிந்திருக்க வேண்டுமல்லவா? கொத்தனார் வந்து பிரித்துவிட்டுப் போனார்.

அறைக்கொரு கம்ப்யூட்டர், ஒவ்வொன்றும் ஒவ்வொரு கம்பெனி. இதில் பதிந்த பிளாப்பி அதில் ஓடாது. சேலத்துப் பெரிய கம்ப்யூட்டர் அதை மாற்றித் தரவேண்டும். செவ்வாய்க்கிழமை பஸ்ஸில் பிளாப்பி மலையிறங்கும். திரும்பி எப்போது ஏறும் என்பது சேலத்துக்கே வெளிச்சம்.

"ஏனுங்க, நானே சுத்திப்போயி அவருகிட்டச் சொல்லட்டுங்களா?" என்று, தன் மனுவைப் பிளாப்பியில் பதிந்த அருள்சாமியிடம் கேட்டாள் சின்னத்தாயி.

"சொல்லு கண்ணு. அவரு காதுல விழும். கட்டகத்துல விழாது."

"போன நோம்பிக்கு எங்க ஊட்டுல வந்து சோறு தின்னீங்களேங்க!"

"தின்னேன். நொம்ப ருசி. ஆனா அது நான் பார்த்தது. அமைப்பு பார்க்கலையே."

சுற்றிக்கொண்டு அடுத்த அறைக்குப் போனாள்.

"அட, சின்னத்தாயி! கொட்டச்சேட்டுலிருந்து எப்ப வந்தே?" என்றார் தேவசிகாமணி.

"இப்பத்தானுங்க. நான் கொட்டச்சேடுன்னு எழுதிக் குடுங்க சாமி."

"பிளாப்பி வராம நீ எந்த ஊருன்னு எனக்கெப்படித் தெரியும்?"

வெள்ளிக்கிழமை போயிற்று. நர்ஸ் பயிற்சி இடம் வேறொருத்திக்குப் போயிற்று. பிளாப்பிகள் குவிந்ததால், அவற்றைச் சேலத்துக்குக் கொண்டுபோய்வர 'தகவல் ஏந்துநர்' என்றொரு பதவி உண்டாயிற்று. சின்னத்தாயி எழுதிப்போட்டாள், கிடைத்தது. ஆறே மாதத்தில் மஞ்சக்குட்டை ஊர்ப் பெரியவர் ஒருவர், "ஏம்மா, ஒரு எட்டு உள்ள போயிச் சொல்லக்கூடாதா?" என்று கெஞ்சியபோது, "முறைன்னு ஒண்ணு இருக்குதில்லீங்க? வரிசையில நில்லுங்க" என்றாள்.

1990 நவம்பர் 13, செவ்வாய்க்கிழமை, தன் மனு இருந்த பிளாப்பியைச் சின்னத்தாயி சேலத்திலிருந்து கொண்டுவந்து தேவசிகாமணியிடம் ஒப்படைத்தாள். விண்ணப்பதாரர் நேரில் வரவில்லை என்று அவர் அதை அவளிடமே திருப்பிக் கொடுத்தார். கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டு, அடுத்த பஸ்ஸில் சேலத்துக்குக் கொண்டுபோனாள்.