சுறுக்கன் கீரியும் வாசலில் சிக்கிய கரடியும்

ஒரு காட்டில் ஒரு கீரி இருந்தது. காடு என்றால் மழை பெய்து சேறாகிற காடு இல்லை. இசைவாணி என்ற பெண்ணின் செல்போன் விளையாட்டுக்குள் இருந்த காடு. அங்கே அசுரர்கள் உண்டு, மந்திர வாள் உண்டு, கொசு மட்டும் கிடையாது. மதியச் சாப்பாட்டு நேரத்தில் அலுவலகத்தில் டிபன் பாக்ஸைத் திறந்து வைத்துக்கொண்டு இசைவாணி விளையாடுவாள். காட்டுக்குள் அவள் கவசம் போட்ட வீராங்கனை. அவளுக்குத் துணையாகப் போவதுதான் கீரியின் உத்தியோகம்.

கீரியின் பெயர் சுறுக்கன். அசுரன் "யாரடா அங்கே?" என்று கேட்டு முடிப்பதற்குள் அவன் குரல்வளை இதன் பல்லில் இருக்கும். புதையல் எந்த மரத்தடியில் இருந்தாலும் தோண்டிப் போட்டுவிடும். 'நான் கிடைக்க இசைவாணி அக்கா கொடுத்து வைத்திருக்க வேண்டும்' என்று அது நம்பியது. பாவம், உழைக்கிற பிறவிகள் எல்லாம் இப்படித்தான் நம்புகின்றன.

இன்னொரு துணையும் இருந்தது, மொத்தை என்ற கரடி. அதை உண்டாக்கியவர்கள் அளவெடுக்கும்போது தூங்கிவிட்டார்கள் போலிருக்கிறது. எந்த வாசலைக் கண்டாலும் நடுவில் சிக்கிக்கொள்ளும். முன்பாதி உள்ளே உறுமும், பின்பாதி வெளியே உதைத்துக்கொண்டிருக்கும்.

ஒருநாள் காட்டில் அறிவிப்பு வந்தது. பனிமலை என்ற புதிய கட்டம் திறக்கப்போகிறது, வீராங்கனையோடு ஒரே ஒரு துணைதான் போகலாம். மற்றது பெட்டிக்குள். பெட்டி என்பது வேண்டாத துணைகளைப் போட்டு மூடுகிற இடம்.

சுறுக்கன் தோண்டிக்கொண்டிருந்த புதையலைப் பாதியில் விட்டது. கரடியிடம் ஓடியது.

"ஏன்டா மொத்தை, உனக்குப் பயமா இல்லையா?"

"பயப்படறதுக்கு நேரம் எங்கடா இருக்கு? கொஞ்சம் பின்னாடி தள்ளி விடேன், மூச்சு முட்டுது."

மறுநாள் குகை அசுரனோடு சண்டை. இதில் ஜெயித்துக் காட்டினால் மலை நமக்குத்தான் என்று சுறுக்கன் முடிவு கட்டியது. இசைவாணி வாளை உருவுவதற்குள் பாய்ந்து அசுரனைத் தீர்த்துக்கட்டிவிட்டது.

"அதுக்குள்ள முடிஞ்சிடுச்சா?" என்றாள் இசைவாணி. அவள் இன்னும் சாதத்தையே பிசையவில்லை. அந்தப் பக்கமாக வந்த மேலாளர் நாச்சியப்பன், "சும்மாத்தானேம்மா இருக்கீங்க? இந்த ஃபைலைக் கொஞ்சம் பாத்துடுங்க" என்றார். அவள் சாப்பிடாமலே எழுந்து போனாள்.

அடுத்த நாள் கரடியை அழைத்துப் போனாள். அது குகை வாசலில் சிக்கிக்கொண்டது. இசைவாணி பின்னாலிருந்து தள்ளினாள், சுற்றிப் போய் இழுத்தாள், சிரித்துச் சிரித்துப் புரையேறியது.

"அடியே மும்தாஜ், இங்க வந்து இதைப் பாரேன்!"

பக்கத்து மேஜை மும்தாஜ் மோர்க்குழம்பை அப்படியே விட்டுவிட்டு ஓடிவந்தாள். சத்தம் கேட்டு அதட்ட வந்த நாச்சியப்பன், "வலப்பக்கமாத் தள்ளிப் பாருங்கம்மா" என்று நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். சாப்பாட்டு நேரம் சாயங்காலம் வரை நீண்டது. ஃபைலைப் பற்றி ஒருவரும் பேசவில்லை.

கரடி மலைக்குத் தேர்வானது. கீரி பெட்டிக்குள் போனது.

உள்ளே போய்ப் பார்த்தால் காட்டின் கெட்டிக்காரக் கூட்டம் முழுக்க அங்கே இருந்தது. பறக்கும் குதிரை ஒன்று ஒருக்களித்துப் படுத்திருந்தது.

"நீ என்னப்பா தப்பு பண்ணே?" என்று கேட்டது குதிரை.

"வேலையைச் சீக்கிரமா முடிச்சேன்."

"அடப்பாவி! நானும் அதேதான். ஒரே பாய்ச்சல்ல கோட்டையில கொண்டுபோய் இறக்கினேன்."

சுறுக்கனுக்கு அழுகை வந்தது. நன்றாக அழுதது. அழுது முடித்தபின் யோசித்தது.

மறு மதியம் பெட்டி திறந்தது. போன துணை வழியில் மாட்டிக்கொண்டால், அது வெளியே வரும்வரை இன்னொன்றை உதவிக்கு எடுக்கலாம் என்று விளையாட்டில் ஒரு விதி உண்டு. கரடி பனிமலையின் முதல் வாசலிலேயே முழுசாக மாட்டிக்கொண்டிருந்தது.

"சுறுக்கா, நீதான்டா வழி பண்ணணும்" என்றாள் இசைவாணி.

வாசல் தூணுக்கு அடியில் நாலு தோண்டு தோண்டினால் போதும், வழி பிறந்துவிடும். கீரியின் நகங்கள் துறுதுறுத்தன. ஆனால் அது நிமிர்ந்து பார்த்தது. இசைவாணி, மும்தாஜ், கையில் கரண்டியோடு நாச்சியப்பன், எல்லோரும் ஆவலாகக் குனிந்திருந்தார்கள். தோண்டினால் எல்லோரும் எழுந்து போய்விடுவார்கள். தான் மறுபடி பெட்டிக்குப் போக வேண்டும்.

சுறுக்கன் கரடிக்குப் பக்கத்தில் போய், நாலு காலையும் மேலே தூக்கிக்கொண்டு மல்லாந்து படுத்தது.

"ஐயோ, என் செல்லமே! உனக்கு என்னடா ஆச்சு?" என்று இசைவாணி அதன் வயிற்றைத் தடவினாள்.

"பாவம்மா, ரெஸ்ட் குடுங்க அதுக்கு" என்றார் நாச்சியப்பன். அவர் அதுவரை யாருக்கும் அரை நாள் லீவுகூடக் கொடுத்ததில்லை.

பனிமலைக்கு இன்றுவரை யாரும் போய்ச் சேரவில்லை. உச்சியில் காத்திருக்கும் அசுரன் பொழுதுபோகாமல் வாளைத் தீட்டித் தீட்டி, அது பென்சில் சீவுகிற அளவுக்குத் தேய்ந்துவிட்டது. மற்றபடி எல்லோரும் சௌக்கியம்.

நீதி: வேலையை முடிப்பவனுக்கு இன்னொரு வேலை கிடைக்கும், வழியை மறித்துப் படுப்பவனுக்கு வயிற்றைத் தடவிவிடுவார்கள்.