மாமனாருக்கு ஒட்டிய டாங்கி

பயத்தில் பல ரகம் உண்டு. பேய்க்குப் பயப்படுகிறவன் இருட்டில் மட்டும் பயந்தால் போதும். கடலுக்குப் பயப்படுகிறவன் கரையில் இருந்துகொள்ளலாம். மாமனாராக வரப்போகிறவருக்குப் பயப்படுகிறவனுக்கு இந்த மாதிரிச் சலுகை எதுவும் கிடையாது. கல்யாண ஆசை இருக்கிறவரைக்கும் பயந்தே ஆகவேண்டும். நான் ஒரு மாதம் முழுக்க அப்படிப் பயந்தேன்.

தலைமன்னாருக்குக் கப்பல் ஓடிக்கொண்டிருந்த காலம் அது. மண்டபத்தில் ஒரு வலைநூல் கடையில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். பாம்பனுக்குப் பெண் பார்க்கப் போனோம். பிலோமினாளை எனக்கு ஏற்கெனவே தெரியும் (கோயில் திருவிழாவில் நான் பார்த்து, அவளும் பார்த்து... அதை இப்போது விடுங்கள்). பெண் பிடித்திருக்கிறதா என்கிற கேள்விக்கே இடமில்லை. பெண்ணின் அய்யாவுக்கு என்னைப் பிடிக்குமா என்பதுதான் கேள்வி.

அவர் பெயர் சவரிமுத்து. ஊருக்கு ஹவில்தார். உலக யுத்தத்தில் ஆப்பிரிக்கப் பாலைவனத்தில் டாங்கி ஓட்டியவர். எதிரி டாங்கி எதிரே வந்தபோது கண்ணைக்கூடச் சிமிட்டாமல் நின்ற கதையைக் கேட்காத ஆள் பாம்பனில் கிடையாது. எனக்கு முன்னால் வந்த மாப்பிள்ளையை, கூன் போட்டு உட்கார்ந்தான் என்பதற்காகவே திருப்பி அனுப்பியவர். இதெல்லாம் காதில் விழுந்திருந்ததால், நான் முதுகில் துடுப்பை வைத்துக் கட்டியவன் மாதிரி உட்கார்ந்திருந்தேன்.

காப்பி முடிந்ததும் அவர் உள்ளே போய் ஓர் அட்டைப்பெட்டியைக் கொண்டுவந்தார். மூடியில் மணலைக் கிளப்பிக்கொண்டு பாயும் ஒரு டாங்கியின் படம். கொழும்பிலிருந்து அவருடைய மச்சினன் கப்பலில் வந்த ஒருவரிடம் கொடுத்தனுப்பியதாம். திறந்தால் உள்ளே டாங்கி இல்லை, அதன் துண்டுகள்தான் இருந்தன. பிளாஸ்டிக் குச்சிகளில் காய்த்துத் தொங்குவதுபோல் சக்கரங்கள், தகடுகள், பீரங்கிக் குழாய், மிளகு அளவில் பெயர் தெரியாத சாமான்கள். பிய்த்து, ஒட்டி, வர்ணமும் அடித்தால் உள்ளங்கையில் நிற்கிற டாங்கி கிடைக்கும்.

"நான் ஓட்டுன வண்டி இதுதான். இந்தப் பொடிசெல்லாம் என் விரலுக்கு அகப்பட மாட்டேங்குது. தம்பிக்குக் கைவேலை தெரியுமா?" என்றார்.

தெரியாது என்று சொல்லியிருக்க வேண்டும். ஆனால் அந்த மீசைக்கு முன்னால் 'தெரியாது' என்ற சொல் எனக்கு வரவில்லை. தெரியும் மாமா என்றேன். அப்படியானால் நிச்சயத்தன்று, சொந்தபந்தங்கள் எல்லாரும் கூடியிருக்கும்போது, டாங்கி முழுதாக வந்து நிற்க வேண்டும் என்றார். ஒரு சக்கரம் கோணியிருந்தாலும் வந்த ரயிலிலேயே திரும்பிவிடலாமாம். இதை அவர் சிரிக்காமல் சொன்னார். கதவுக்குப் பின்னாலிருந்து பிலோமினாள் என்னைப் பரிதாபமாகப் பார்த்தாள்.

பெட்டிக்குள் செய்முறைத் தாள் ஒன்று இருந்தது, முழுக்க இங்கிலீஷ். நூல் பொட்டலத்தின் மேல் இருப்பதைத் தாண்டி எனக்கு இங்கிலீஷ் ஓடாது. படத்தைப் பார்த்தே ஒட்டினேன். மூடியைத் திறந்ததுமே தலை சுற்றவைக்கும் அந்தப் பசைக்குப் பிளாஸ்டிக்கைவிட என் விரல்களைத்தான் பிடித்திருந்தது. ஒருநாள் கட்டைவிரலில் டாங்கிச் சக்கரத்தோடு சோற்றுக்கு உட்கார்ந்தேன். மாப்பிள்ளைக்கு இப்பவே மோதிரமா என்று அம்மா கேட்டாள். பீரங்கிக் கூண்டைச் சுற்றி வட்டமாக ஓர் அம்புக்குறி போட்டிருந்தது. கூண்டு சுழல வேண்டும் என்பதற்கான குறி அது. நானோ, சுற்றிலும் பசை போடச் சொல்கிறான் என்று நினைத்துத் தாராளமாக ஊற்றினேன். அப்புறம் அது செத்தாலும் திரும்பவில்லை.

மீசை வைத்த ஆள் யாராவது கடைப்படி ஏறினால் கையிலிருக்கும் நூல்கண்டு உருண்டு தெருவுக்குப் போய்விடும். முதலாளி என்னை ஏர்வாடி தர்காவுக்குப் போய் மந்திரித்துக்கொண்டு வரச் சொன்னார்.

வர்ணம் அடிக்கும் கட்டம் வந்தபோது என்னை நம்ப எனக்கே தைரியமில்லை. கரையில் வள்ளங்களுக்கு வர்ணம் அடிக்கும் தாசு அண்ணனிடம் டாங்கியையும் பெட்டியையும் ஒப்படைத்து, படத்தில் உள்ளபடி மணல் நிறம் வேண்டும் என்று கெஞ்சிவிட்டு வந்தேன். சாயங்காலம் போய்ப் பார்த்தால், கீழே வைத்தால் மணலில் தொலைந்துவிடும், அப்படி ஒரு நிறம். சக்கரங்களில் சேறு தெறித்த தடம்கூடப் போட்டிருந்தார். அவர் காலில் விழலாமா என்று நினைத்தபோதுதான் இன்னொன்று கண்ணில் பட்டது. டாங்கியின் முன்னாலும் பக்கங்களிலும் கறுப்பாக ஒரு சிலுவை. அதைச் சுற்றி வெள்ளைக் கரை.

இது படத்தில் இல்லையே என்றேன்.

"இல்லாட்டி என்னலே? சிலுவை போடாம நான் எதையாச்சும் கரையில இருந்து இறக்கிவிட்டுருக்கேனா? மீன் பிடிக்கப் போற வள்ளத்துக்கே சாமி வேணும். சண்டைக்குப் போற வண்டிக்கு வேண்டாமா?"

நியாயமாகத்தான் பட்டது. எங்கள் கரையில் புது வள்ளத்தின் முகப்பில் சிலுவை வரையாமல் யாரும் தண்ணீரில் இறக்குவதில்லை. ஹவில்தாரோ ஞாயிற்றுக்கிழமைப் பூசையைத் தவறவிடாத மனிதர். சிலுவையைப் பார்க்கிற பக்தியில் சக்கரம் கோணியிருந்தாலும் கவனிக்கமாட்டார் என்று கணக்குப் போட்டேன். அன்று ஒரு ராத்திரிதான் அந்த மாதத்தில் நான் தூங்கினேன்.

நிச்சயத்தன்று ரயில் பாலத்தின் மேல் ஊர்ந்தபோது வீசிய காற்றில் என் மடியில் டாங்கி இருந்த ஓலைப்பெட்டியைக் குழந்தையைப்போல் அணைத்துக்கொண்டேன். சேலையும் பூவும் இருந்த பெட்டியை யார் கொண்டுவந்தார்கள் என்றுகூட எனக்குத் தெரியாது.

வீடு நிறைய ஆட்கள். நடுவில் உபதேசியார், அதாவது சாமியார் இல்லாத நாட்களில் கோயிலில் ஜெபம் நடத்துகிறவர். ஹவில்தார் சட்டையில் பதக்கங்களைக் குத்திக்கொண்டு, கண் சிமிட்டாமல் நின்ற கதையை மறுபடி சொல்லி முடித்து, "கொண்டாங்க தம்பி" என்றார். நான் டாங்கியைத் தாம்பாளத்தில் வைத்து இரண்டு கையாலும் நீட்டினேன். கை நடுங்கிய நடுக்கத்தில் டாங்கி தானாகவே அவரை நோக்கி நகர்ந்தது.

ஹவில்தாரின் முகம் வெளுத்துப்போனது. அடுத்த நொடி அவர் தரையில் குப்புற விழுந்து, இரண்டு கைகளாலும் தலையை மூடிக்கொண்டு பெஞ்சுக்கு அடியில் நகர்ந்தார்.

முடிந்தது கல்யாணம் என்று நினைத்தேன். உபதேசியார் டாங்கியைப் பார்த்தார். சிலுவையைப் பார்த்தார். தரையில் கிடந்த ஹவில்தாரைப் பார்த்தார். பிறகு உருக்கத்தோடு முழந்தாளிட்டுப் பரலோக மந்திரத்தைத் தொடங்கினார். அவ்வளவுதான், மொத்தக் கூட்டமும் முழந்தாளிட்டது. என் அம்மா கண்ணீரே விட்டுவிட்டாள். தாம்பாளத்தோடு நின்றுகொண்டிருந்தவன் நான் ஒருவன்தான். வேறு வழி தெரியாமல் நானும் மண்டியிட்டேன். அதனால் பீரங்கி நேராக ஹவில்தாரின் மூக்குக்கு முன்னால் வந்து நின்றது.

அவர் ஒரு கண்ணைத் திறந்தார்.

"தூரக் கொண்டு போயிரு. அது அவங்க வண்டி."

"யாரு வண்டி மாமா?"

"ஜெர்மன்காரன் வண்டி. அவந்தான் சிலுவை போட்டிருப்பான். கறுப்புல, வெள்ளைக் கரை வச்சு."

எனக்கு அது தெரியாது. தாசு அண்ணனுக்கும் சத்தியமாகத் தெரியாது. ஜெபச் சத்தத்துக்கு அடியில் அவர் மெதுவாகப் பேசிக்கொண்டே போனார்.

"நான் டாங்கி ஓட்டலடா. தண்ணி லாரி ஓட்டுனேன். அது வந்தப்ப லாரிக்கு அடியில படுத்துக்கிட்டேன். கூட இருந்தவன் எந்திரிச்சு ஓடுனான். நான் எந்திரிக்கல."

ஓடியவன் திரும்பி வரவில்லை என்பது அவர் சொல்லாமலே புரிந்தது. இந்த மனிதருக்கா இத்தனை நாள் பயந்தேன் என்று வெட்கமாக இருந்தது. தோளில் கிடந்த துண்டை எடுத்து டாங்கியை மூடினேன்.

"வெளிய சொல்லிருவியா?"

"மாட்டேன் மாமா. நானும் ஒரு மாசமா உங்களுக்குப் பயந்து செத்துக்கிட்டுத்தான் இருக்கேன்."

அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு எழுந்தார், பதக்கங்களைத் தட்டிவிட்டார், வழக்கமான குரலில் கூட்டத்தைப் பார்த்துச் சொன்னார்: "மாப்பிள்ளை நம்ம வீட்டுப் பிள்ளை. தேதியக் குறிங்க."

ஆனால் கஷ்டம் அதோடு தீரவில்லை. ஹவில்தாரையே மண்ணில் விழவைத்த சிலுவை என்று ஊரெல்லாம் பேச்சாகி, பிலோமினாளின் அம்மா அந்த டாங்கியை வீட்டுப் பீடத்தில், மாதா படத்துக்குப் பக்கத்தில் வைத்துவிட்டார். பாவம், மாமா சாயங்கால ஜெபத்துக்கு ஜெர்மன் டாங்கிக்கு முன்னால்தான் முழந்தாளிட வேண்டியிருந்தது. கண்ணை இறுக மூடிக்கொள்வார். அதையும் பக்தி என்றே எல்லாரும் நினைத்தார்கள்.

பேரப்பிள்ளைகள் வந்த பிறகு அவரே ஒருநாள் உண்மையைச் சொல்லிவிட்டார். பிலோமினாள் சிரித்தாள், அப்புறம் அழுதாள். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் யார் எதற்குப் பயந்தாலும், பரீட்சையோ ஊசியோ, "என்ன, ஜெபம் வருதா?" என்றுதான் கேட்போம். இப்போது கொள்ளுப்பேரன்களும் கேட்கிறார்கள்.

மாமாவுக்கு மதுரையில் கண் ஆபரேஷன் செய்தபோது நான்தான் கூடப் போயிருந்தேன். உள்ளே கூட்டிப்போக ஆள் வந்ததும் அவர் என் கையை எட்டிப் பிடித்தார்.

"மாப்பிள," என்றார், "எனக்கு ஜெபம் வருது."

எனக்கும்தான் மாமா என்றேன். இரண்டு பேரும் சிரித்தோம். கையை மட்டும் அவர் விடவில்லை.