நான்காவது கிணறு

துகிலபுரி என்று ஒரு நாடு. வரைபடத்தில் தேடிப் பயனில்லை. அங்கே வரைபடத்துக்கே வாரம் ஒரு நிறம் பூசிவிடுவார்கள். வெள்ளிக்கிழமைதோறும் அரண்மனை முரசறைந்து, வரும் வாரத்துக்கான நிறத்தை அறிவிக்கும். மறுநாள் பழைய நிறத்தில் யாராவது தெருவில் இறங்கினால் நாய்கூடக் குரைக்கும். கழற்றிப் போட்ட உடைகள் ஊருக்கு வெளியே மலையாகக் குவிந்து கிடந்தன. மன்னர் நவநவ பூபதி அந்த மலைக்குத் தம் பெயரையே சூட்டியிருந்தார்.

இத்தனை துணிக்கும் சாயம் ஏற்றும் தொட்டிகள் ஆற்றங்கரையில் இரவும் பகலும் கொதித்தன. தொட்டிக் கழிவு ஆற்றுக்குப் போயிற்று. ஆறு பாவாத்தாள் குடியிருந்த கடைமடைத் தெருவுக்குப் போயிற்று.

பாவாத்தாள் அரசு ஊழியர். தோய்ப்புக்காரி என்பது பதவியின் பெயர். திங்கட்கிழமைதோறும் ஒரு முழம் வெள்ளைத் துணியை ஆற்றில் தோய்த்து அரண்மனை வாசலில் தொங்கவிட வேண்டும். மூன்று வாரம் தொடர்ந்து துணியில் சாயம் ஏறினால் தொட்டி அடுப்புகளை அணைத்துவிட வேண்டும் என்பது மன்னரின் தாத்தா போட்ட சட்டம். அந்தச் சட்டத்தின் மேல் அவளுக்கு உயிர். தெருவில் இருந்த நான்கு கிணறுகளில் மூன்று ஏற்கெனவே கெட்டுப்போய்விட்டன. நாற்பது வீடும் நான்காவதை நம்பித்தான் உலை வைத்தன.

ஆட்சியின் இருபத்திரண்டாம் ஆண்டில், மூன்றாவது வாரமாகத் துணி கத்தரிப்பூ நிறத்தில் தொங்கியது. ஆடை அமைச்சர் பட்டாபிநாதர் வந்து அதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

"மூணு வாரம் ஆச்சுங்க. அடுப்பை அணைக்கச் சொல்லீருங்க" என்றாள் பாவாத்தாள்.

"பொறு அம்மா. அணைப்பது யாராலும் முடியும். ஒரு நாகரிக நாட்டுக்குத் தேவை இலக்கு."

அப்படியே இலக்கு பிறந்தது. முப்பதாம் ஆண்டுக்குள் ஆறு பளிங்காகிவிடும் என்று மன்னர் சபதம் செய்தார். ஒரே விஷயத்துக்குச் சட்டமும் சபதமும் இருந்தால் மக்கள் குழம்புவார்கள் என்பதால் சட்டம் நிறுத்தி வைக்கப்பட்டது. சபதம் எல்லோர் நினைவிலும் இருக்க வேண்டுமல்லவா? குடிமக்கள் ஒவ்வொருவருக்கும் நெஞ்சில் 'முப்பது' என்று பூவேலை செய்த சபத அங்கி ஒன்று. அதற்குச் சாயம் ஏற்றவே புதிதாக நூறு தொட்டிகள் வெட்ட வேண்டியிருந்தது.

இருபத்தொன்பதாம் ஆண்டில் பட்டாபிநாதர் சபையில் முன்னேற்ற அறிக்கை வாசித்தார். "ஓர் ஆடைக்குப் பிடிக்கும் சாயம் பாதியாகக் குறைந்துவிட்டது!" கரவொலி அடங்கச் சற்று நேரமாயிற்று.

"ஆடை மூணு மடங்கு ஆயிருச்சுங்களே?" என்று கேட்டாள், துணியோடு ஓரமாக நின்ற பாவாத்தாள்.

"அது மக்களின் ஆர்வம். ஆர்வத்தை அரசு அளப்பதில்லை." அன்று மாலையே அவளுக்கு உத்தரவு வந்தது: இனி துணியைத் தொட்டிகளுக்கு மேலே, ஆறு பிறக்கும் மலையடியில் தோய்க்க வேண்டும். துணி பால்போல வெளுத்து வந்தது. வாசலில் அதற்கு மாலை போட்டார்கள்.

முப்பதாம் ஆண்டு வந்தது. ஆற்றைத் தவிர எல்லாம் தயாராக இருந்தது. ஆகவே இலக்கு நாற்பதாம் ஆண்டுக்கு உயர்த்தப்பட்டது. 'முப்பது' அங்கிகள் ஊருக்கு வெளியே துணி மலைக்குப் போயின. 'நாற்பது' அங்கிகள் தொட்டிக்குப் போயின. தொட்டிகள் பொங்கி வழிந்தன.

புது அங்கி விழாவன்று காலை பாவாத்தாள் நான்காவது கிணற்றில் வாளியை விட்டு இழுத்தாள். தண்ணீர் மயில்கழுத்து நிறத்தில் வந்தது. கொட்டிவிட்டு மறுபடி இறைத்தாள். மறுபடியும் அதே நிறம். இத்தனை நாள் வெள்ளைத் துணியைச் சுமந்துகொண்டு மலையடிக்கு நடந்த தன் மேலேயே அவளுக்கு ஆத்திரம் வந்தது. ஒரு முழத் துணியைக் கிணற்றில் முக்கி எடுத்துக்கொண்டு நேராக விழா மேடைக்கு நடந்தாள்.

"இது ஆத்துத் துணி இல்லீங்க மகாராசா. எங்க கெணத்துல முக்குனது. நாப்பது வீடு குடிக்கிற தண்ணி. இப்பவாச்சும் அடுப்பை அணைங்க."

மன்னர் குனிந்து துணியை விரலால் தேய்த்துப் பார்த்தார். "என்ன அருமையான நிறம்!" என்றார்.

பட்டாபிநாதர் பாய்ந்து வந்தார். "எந்தத் தொட்டியில் நனைத்தாய்?"

"தொட்டி ஏதுங்க? கெணறுங்க."

"விறகு?"

"கெணத்துக்கு எதுக்குங்க விறகு?"

"சாயப்பொடி?"

"நா எதுக்குங்க போடறேன்!"

அமைச்சரின் கண்கள் கலங்கிவிட்டன. "மன்னா! விறகில்லை, புகையில்லை, புதிதாக ஒரு சிட்டிகை சாயமில்லை. பத்தாண்டுகள் முன்னதாகவே இலக்கை அடைந்துவிட்டோம்!"

அடுத்த ஒரு நாழிகைக்குள் நான்காவது கிணறு 'நாட்டின் முதல் மாசற்ற சாயக்கிணறு' ஆயிற்று. சுற்றி வேலியும் காவலும் போடப்பட்டன. மற்ற ஊர்க் கிணறுகளும் இதே தரத்துக்கு உயரும்வரை தொட்டிகள் நிற்காமல் கொதிக்கட்டும் என்று உத்தரவாயிற்று. கண்டுபிடித்தவள் என்ற முறையில் பாவாத்தாளுக்கு மன்னரே சால்வை போர்த்தினார். அதுவும் மயில்கழுத்து நிறம்.

"நாங்க குடிக்கறதுக்கு என்னங்க பண்றது?" என்று அவள் கேட்டாள்.

"அதற்கும் இலக்கு வைத்தாயிற்று அம்மா. ஐம்பதாம் ஆண்டு. அங்கி தைக்கக் கொடுத்திருக்கிறோம்" என்றார் பட்டாபிநாதர்.

வெயிலில் நடந்து அவள் தெருவுக்குத் திரும்பியபோது பெண்கள் காலிக் குடங்களோடு வேலியருகே நின்றிருந்தார்கள். "என்னக்கா, அடுப்பை அணைக்கறாங்களா?" என்றாள் ஒருத்தி. பாவாத்தாள் சால்வையை உருவினாள். வியர்வையில் சாயம் இறங்கி அவள் கழுத்து, தோள் எல்லாம் நீலம் பாரித்திருந்தது.

அப்போது வெள்ளிக்கிழமை முரசு கேட்டது. வரும் வாரத்தின் நிறம் மயில்கழுத்து. குடிமக்கள் அனைவரும் புத்தாடை வாங்கியாக வேண்டும். கடைமடைத் தெருவுக்கு மட்டும் அரசு கருணையோடு விலக்களித்திருந்தது: அவர்கள் ஆற்றில் குளித்துவிட்டு வந்தாலே போதும்.