மூன்றாவது கிராப்பு

சலூன்காரர் தன் மகனுக்கு மூன்று நாளில் மூன்றாவது தடவையாகக் கிராப்பு வெட்டிக்கொண்டிருந்தார். வெட்டுவதற்குத்தான் தலையில் ஒன்றும் பாக்கியில்லை.

எல்லாம் முந்தாநாள் மனைவி போட்ட உத்தரவு. பையன் நாளைக்குக் காலேஜ் ஹாஸ்டலுக்குக் கிளம்புகிறான்.

"வயசுப் பையன், வெளியூர் போறான். எய்ட்ஸு கிய்ட்ஸுன்னு என்னென்னமோ இருக்கு. ஜாக்கிரதையா இருக்கச் சொல்லி ரெண்டு வார்த்தை சொல்லுங்க."

"நீயே சொல்லேன்."

"நான் அம்மா."

"நான் அப்பன்!"

"அதனாலதான் உங்களைச் சொல்லச் சொல்றேன்."

பாவம், கையில் கத்தரிக்கோல் இருந்தால்தான் மனுஷருக்குப் பேச்சே வரும். அதனால் பையனை நாற்காலியில் உட்காரவைத்துப் பேச்சோடு பேச்சாகச் சொல்லிவிடுவது என்று திட்டம்.

முதல் நாள், "டேய், அங்கே போனதும்..." என்று ஆரம்பித்தார். கண்ணாடியில் பையன் நிமிர்ந்து பார்த்தான். அவ்வளவுதான், பேச்சு தடம் மாறிவிட்டது.

"...நேரத்துக்குச் சாப்பிடு."

அந்தப் பதற்றத்தில் இடதுபக்கம் கூடுதலாகப் போய்விட்டது. வலதுபக்கத்தைச் சமன்செய்தார். இப்போது அது கூடுதலாகப் போனது.

மறுநாள் கூப்பிடலாமா என்று அவர் யோசிப்பதற்குள் பையனே வந்து உட்கார்ந்துவிட்டான்.

"அப்பா, ஒண்ணு சொல்லணும்."

"சொல்லுடா."

"வந்து... பின்னாடி இன்னும் கொஞ்சம் குறைச்சிடுங்க."

இவருக்குக் குழம்பிவிட்டது. கழுத்தைப் பிடித்து இழுத்து வந்தாலும் உட்காராத பயலாச்சே! ஒருவேளை எதையாவது பண்ணித் தொலைத்துவிட்டானோ? கேட்கவும் பயம், கேட்காமல் விடவும் பயம். குறைத்துவிட்டார்.

இன்றைக்கும் தானாகவே வந்துவிட்டான். பின்னாலேயே அவன் சிநேகிதன் ஒருவன், சவரம் செய்துகொள்ள வந்தவன், பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். முந்தைய ஆளுக்குச் சவரம் செய்த கத்தியைத் துடைத்துக் கையில் எடுத்தார் சலூன்காரர்.

"ஐயோ, கத்தி வேணாம்பா! மெஷினே போதும்!"

"ஏண்டா அலறுறே?"

"ஒண்ணுமில்ல."

ஒன்றுமில்லாததற்கா இந்தக் கத்தல்? அதே யோசனையில் மெஷினை எடுத்தார். அது நெற்றியில் ஏறி, பிடரியில் இறங்கித்தான் நின்றது. சரியாக அந்த நேரம் பார்த்து மனைவி வாசலில்.

"அடப்பாவி மனுஷா! பேசச் சொன்னா மொட்டை அடிச்சு வெச்சிருக்கீங்களே!"

இனி வெட்டவும் ஒன்றுமில்லை, ஒளியவும் இடமில்லை. கண்ணை இறுக மூடிக்கொண்டு ஒரே மூச்சில் கொட்டிவிட்டார்.

"டேய், எதுலயும் அவசரப்படாதே. வேணாம்னா வேணாம்னு சொல்லு. ஆள் பார்க்க நல்லா இருந்தா நோய் இல்லைன்னு அர்த்தமில்ல. ஆணுறை இல்லாம எதுவும் கூடாது. ஊசின்னா புது ஊசிதான். சந்தேகம்னா ரத்தம் டெஸ்ட் பண்ணிடு. என்ன ஆனாலும் மறைக்காம என்கிட்ட வா, நான் அடிக்க மாட்டேன்!"

பையன் காதுவரை சிவந்து, "சரிப்பா" என்று சொல்லிவிட்டு அம்மாவோடு ஓடியே போனான்.

சலூன்காரருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. மூன்று நாள் பாரம் இறங்கிவிட்டது. பெற்ற கடமையை முடித்த பெருமிதத்தோடு கத்தியை எடுத்துக்கொண்டு பெஞ்சைப் பார்த்தார்.

"வாடா, அடுத்தது நீதான்."

சிநேகிதன் எழுந்திருக்கவில்லை.

"முதல்ல பிளேடை மாத்துங்க மாமா. ஆளுக்கு ஒரு புது பிளேடு போடச் சொல்லணும்னுதான், உங்ககிட்ட இதை எப்படிப் பேசறதுன்னு தெரியாம, அவன் ரெண்டு நாளா தானா வந்து வந்து உட்கார்ந்து மொட்டையாகிப் போறான்!"