லைன் கிளியர் கேட்ட மாப்பிள்ளை

உலகத்தில் யார் எதைச் சொன்னாலும் அது போய்ச் சேர்ந்ததா என்று கவலைப்பட்ட ஒரே மனிதர், ஐம்பதுகளில் விழுப்புரம் ஜங்ஷன் பக்கத்து லாட்ஜில் எனக்கு அடுத்த அறையில் குடியிருந்தார். யுத்தத்தின்போது பர்மா காட்டில் வயர்லெஸ் பெட்டி சுமந்தவர். பிறகு ஒரு சர்க்கார் ஆபீசில் குமாஸ்தா. பெற்றவர்கள் வைத்த பெயர் ஆபீஸ் ரிஜிஸ்தரில் மட்டும் இருந்தது. ஊருக்கு அவர் 'வயர்லெஸ்'.

அவர் எதைச் சொன்னாலும் கேட்டவர் திருப்பிச் சொல்லியாக வேண்டும். இல்லாவிட்டால் சொன்னதாகவே அவர் ஒப்புக்கொள்ள மாட்டார்.

"ரெண்டு இட்லி, ஒரு வடை, சட்னி தனியா. திருப்பிச் சொல்லு."

"பேஜார் பண்ணாதீங்க சார். ரெண்டு இட்லிக்கு வாய்ப்பாடு ஒப்பிக்கணுமா?" என்பான் ஹோட்டல் சர்வர். ஒப்பிக்கிற வரை இவர் இலையைத் தொட மாட்டார்.

ஒருநாள் ஆபீசில் மேலதிகாரி இவரைக் கண்டபடி திட்டித் தீர்த்தார். வயர்லெஸ் விறைப்பாக நின்று, கழுதையில் ஆரம்பித்துத் தண்டச்சோறு வரை ஒரு வசவு விடாமல் திருப்பிச் சொல்லி, "சரியா வந்துச்சுங்களா?" என்று கேட்டார். தன் வசவையே இன்னொருவர் வாயால் நிதானமாகக் கேட்ட அதிகாரி, அதன்பிறகு அங்கே ஒரு பூனையைக்கூட அதட்டியதில்லை.

சாயங்காலமானால் ஆள் வேறு. லாட்ஜ் மொட்டைமாடியிலிருந்து எதிர்ப் புளியமரம் வரை ஏரியல் கம்பி இழுத்துக் கட்டியிருந்தார். பழைய ரேடியோவின் குமிழைத் திருகினால் முதலில் வெறும் இரைச்சல் வரும். அதற்குள்ளிருந்து புரியாத பாஷையில் யாரோ ஒரு பெண் பாடுவாள். பாயில் மல்லாந்து படுத்து, எந்தக் கடலுக்கு அப்பாலிருந்து பாடுகிறாள் என்று யோசித்தபடியே பாதி கண்ணயர்ந்துவிடுவோம்.

"தம்பி, நம்ம தலைக்கு மேல இப்ப எத்தினியோ பேரு பேசிக்கினே போறாங்க. ஒவ்வொருத்தருக்கும் ஒரு அலைவரிசை. நம்ம பொட்டி எதுக்குத் திரும்புதோ அது மட்டும் கேக்கும். ரெண்டு பேரு ஒரே வரிசையில பேசினா ரெண்டுமே பாழு."

"அதுக்காக இட்லிக்கெல்லாமாண்ணா திருப்பிச் சொல்லணும்?"

அவர் குமிழை விட்டுக் கையை எடுத்தார். "பர்மாவுல ஒரு தடவ திருப்பிச் சொல்லக் கேக்காம வுட்டுட்டேன். எங்க பட்டாளத்து ஆளுங்ககிட்ட ஆத்தத் தாண்டாதீங்கன்னு சொன்னேன். நான் சொல்லிட்டேன், அவுங்களுக்குப் போய்ச் சேரல. தாண்டிட்டாங்க."

அப்புறம் இரண்டு நாள் நான் அவரைக் கேலி செய்யவில்லை.

அவருக்கு அப்போது வயது முப்பத்திரண்டு. மூன்று பெண் வீட்டார் இந்தத் திருப்பிச் சொல்லும் வியாதியைக் கேள்விப்பட்டே நழுவிவிட்டார்கள். நான்காவதாகத் திண்டிவனத்தில் ஒரு வரன் வந்தது. பெண்ணின் அப்பா ஓய்வுபெற்ற ஸ்டேஷன் மாஸ்டர். போட்டோ வந்த நாளிலிருந்து வயர்லெஸ் ரேடியோவைக்கூட மறந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார். இதுவும் தட்டிப் போனால் இனி வரன் தேட மாட்டேன் என்று அவருடைய அக்கா கறாராகச் சொல்லியிருந்தாள்.

"இன்னிக்கு ஒரு நாள் வாயத் தொறக்காதீங்கண்ணா" என்று, பெண் பார்க்க அக்காவோடு திண்டிவனம் போன ரயிலில் வழி முழுக்கக் கெஞ்சிக்கொண்டே போனேன்.

அவித்த மல்லாட்டைக் கடலை வந்தது, காபி வந்தது, பெண்ணும் வந்தாள். அவளுடைய மாமன்கள் நாலு பேர் ஒரே சமயத்தில் பேசி, முகூர்த்த நாளையே குறித்துவிட்டார்கள். வயர்லெஸ் அதுவரை வாயைத் திறக்கவில்லை; எனக்கே பெருமையாக இருந்தது. அப்போது மெதுவாகக் கையைத் தூக்கினார்.

"எல்லாரும் ஒரே வரிசையில பேசறீங்க. எனக்குப் பொண்ணப் புடிச்சிருக்குது. அது அவங்களுக்குப் போய்ச் சேர்ந்துச்சான்னு தெரியல. அவங்க வாயால ஒரு பதில் வேணும்."

"பொண்ணப் போய் யாராச்சும் கேப்பாங்களா, மாப்ள?" என்று ஒரு மாமன் சிரித்தார்.

வயர்லெஸ் பெண்ணின் அப்பா பக்கம் திரும்பினார். "நீங்க சொல்லுங்க சார். லைன் காலியா இருக்குதான்னு அடுத்த ஸ்டேஷன்ல லைன் கிளியர் கேக்காம ஒரு வண்டியாச்சும் அனுப்பியிருக்கீங்களா?"

முப்பது வருஷம் வண்டி அனுப்பிய மனிதர் காபி டம்ளரைக் கீழே வைத்தார். மகளைப் பார்த்து, "சொல்லும்மா" என்றார்.

"டீச்சர் டிரெயினிங்குக்கு எடம் கெடைச்சிருக்குது. கடுதாசிய அப்பா அலமாரியில வெச்சிருக்காரு. நான் படிக்கணும்."

அக்கா தலையில் அடித்துக்கொண்டாள். வயர்லெஸ் எழுந்து விறைப்பாக நின்றார். "உங்களுக்கு எடம் கெடைச்சிருக்குது. கடுதாசி அலமாரியில இருக்குது. நீங்க படிக்கணும். கல்யாணம் வேணாம். சரியா வந்துச்சுங்களா?"

கடைசியில் சொன்னது அவள் சொல்லாதது. அதையும் அவரே சேர்த்துக்கொண்டார்.

"வந்துச்சுங்க" என்றாள் அவள். ஸ்டேஷன் மாஸ்டர் எழுந்து போய் அலமாரியைத் திறந்தார்.

திரும்பி வந்த பாசஞ்சர் வண்டியில் அக்கா வேறு பெட்டியில் ஏறிக்கொண்டாள். ஏரித் தண்ணீரில் மிச்சமிருந்த வெளிச்சம் ஜன்னலோடு கொஞ்ச தூரம் கூடவே வந்தது. "மனசு தாங்கல தம்பி. ரொம்பப் புடிச்சிருந்துது" என்றார் வயர்லெஸ். "ஆனா சேதி தெளிவா வந்துச்சு. இரைச்சலே இல்ல."

மறு வருஷம் எனக்குக் கல்யாணம். பெண்ணை ஒரு வார்த்தை கேட்டுவிட வேண்டும் என்று உறுதியாகத்தான் போனேன். பெரியவர்கள் கூட்டத்தைப் பார்த்ததும் கேட்காமலே தலையாட்டிவிட்டு வந்தேன். கல்யாணத்தன்று மணவறைக்கு வந்த வயர்லெஸ் என் காதருகே குனிந்து, "பொண்ணக் கேட்டியா?" என்றார்.

"கேட்டேண்ணா" என்றேன்.

அவர் திருப்பிச் சொல்லச் சொல்லவில்லை. கண் கலங்க என் தோளைத் தட்டிவிட்டுப் பந்திக்குப் போனார். அன்றைக்குப் பட்ட வெட்கம் இன்னும் என்னை விட்டுப் போகவில்லை. எனக்குக் கூடப்பிறந்த அண்ணன் கிடையாது. இருந்திருந்தாலும் வயர்லெஸ் அளவுக்கு அவரைப் பிடித்திருக்காது.