உலகத்தைத் திருப்புகிறவர்

வாசகர்களே, முதல் மழைக்கு ஈசல் கிளம்புவதுபோல, இந்த எண்பத்தெட்டாம் வருடம் கம்ப்யூட்டர் வந்து இறங்கியதும் நம் தருமபுரியில் ஒரு புது ஜீவன் கிளம்பியிருக்கிறது. அதன் பெயர் திருப்புகிறவர். தன் கணக்கு உலகத்தோடு ஒத்துவராவிட்டால் அவர் கணக்கைத் தொடமாட்டார். உலகத்தைத் திருப்புவார்.

ஷகிலா வேலை பார்க்கும் போர்வெல் கம்பெனியில் அவருக்குத் தர்மன் சார் என்று பெயர். கிராமத்து நிலப்படங்கள் ஊருக்கொரு சாய்வில் வரையப்பட்டிருக்கும். அவற்றை மாவட்டப் படத்தின்மேல் பொருத்த, ஒவ்வொரு புள்ளியையும் திருப்பிக் கொடுக்கும் புரோகிராம் ஒன்றை அவர் எழுதியிருந்தார். எண்களைத் தட்டுவது ஷகிலா. எட்டாவதோடு நின்றவள். வாயைத் திறக்கமாட்டாள், கண்ணை மூடமாட்டாள்.

அன்று காரிமங்கலத்து நஞ்சம்மாள் வந்திருந்தாள். துளைபோடும் வண்டி அவள் மாங்கொல்லைக்குப் போகவேண்டிய நாள். தவறினால் நான்கு மாதம் கழித்துத்தான் வரும். அதற்குள் மாங்கன்றுகள் கருகிவிடும். ஆனால் படத்தில் புள்ளி எங்கே இருக்கிறதோ அங்கேதான் வண்டி போகும். அது சார் போட்ட சட்டம்.

பிரிண்டர் கிறீச்சிட்டது. மாவட்டம் மிதிபட்ட தகரடப்பாபோல நசுங்கி வந்தது. கிழக்கே இருக்கவேண்டிய அரூர் மேற்கே. நஞ்சம்மாளின் கொல்லையோ மேற்கோர ஏரியூரையும் தாண்டி ஆற்றுக்குள்.

"ஏங்க சார், என் கொல்லை காவேரிக்குள்ள கெடக்குதுங்களே?"

"தண்ணி கியாரண்டிம்மா!"

"ஆத்துல போரு எதுக்குங்க?"

"நீங்க நிக்கறதுதான் தப்பு. இப்படித் திரும்புங்க."

திரும்பினாள். சார் புரோகிராமில் பத்து டிகிரி கூட்டினார். மேசையைத் திருப்பினார். படம் வாங்க வந்த டிரைவர் பச்சியப்பனைத் திருப்பினார். கடிதம் கொடுக்க வந்த தபால்காரரையும் விடவில்லை. கால்மணி நேரத்தில், பருந்தைக் கண்ட கோழிகள்போல எல்லோரும் கழுத்தைச் சாய்த்துக்கொண்டு, சார் சுவரில் ஒட்டிய படத்தைப் பார்த்து நின்றார்கள்.

"இப்ப சரியா இருக்குதா?"

"கழுத்துதாங்க சுளுக்குது!" என்றார் பச்சியப்பன்.

சுவரைப் பார்த்து நின்றவர்கள் திரையைப் பார்ப்பார்களா? ஷகிலா பார்த்தாள். ஓர் இடத்துக்கு இரண்டு எண்கள். பழைய இரண்டையும் வைத்துத்தான் புதிய இரண்டையும் கண்டுபிடிக்கவேண்டும். சாரோ முதல் எண்ணை மாற்றி, அதைப் பழையதன்மேலேயே எழுதிவிட்டு, அந்த மாறிய எண்ணைக்கொண்டு இரண்டாவதைக் கணக்கிட்டிருந்தார். அளவுநாடாவை நறுக்கிவிட்டு அதனாலேயே அளப்பதுபோல!

சாரின் வரிகளில் அவள் அதுவரை கைவைத்ததில்லை. நஞ்சம்மாளின் திரும்பிய முதுகைப் பார்த்தாள். பழைய எண்ணை வேறு பெயரில் பத்திரப்படுத்த ஒரு வரி தட்டினாள். அடுத்த கணக்கில் அந்தப் பெயரைப் போட்டாள். சார் கூட்டிய பத்தை எடுத்தாள். அவ்வளவுதான்.

பிரிண்டர் மறுபடி கிறீச்சிட்டது. அரூர் கிழக்கே வந்து உட்கார்ந்தது. புள்ளி காரிமங்கலத்தில். பச்சியப்பன் தாளைப் பிடுங்கிக்கொண்டு ஓட, நஞ்சம்மாள் அவருக்கு முன்னால் வண்டியில் ஏறிவிட்டாள்.

"பாத்தியாம்மா ஷகிலா? எல்லாரையும் திருப்பி நிக்கவச்சதும் மிஷின் தானா வழிக்கு வந்துருச்சு!"

"ஆமாங்க சார்."

சிரிக்கிறீர்களா? நீங்கள் அப்படியில்லை என்கிறீர்களா? நல்லது. எதற்கும் வீட்டில் ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள். பதில் பிடிக்கவில்லை என்று, சொன்னவரைச் சுவர்ப்பக்கம் திருப்பி மட்டும் நிறுத்திவிடாதீர்கள்.