ஓட மறுத்த டெஸ்டுகள்

"இன்னாப்பா நவநீதா, ஓடுதா?"

"இதோ ஓடிடும் மொதலாளி."

மத்தியானம் சாப்பிட்டு உட்கார்ந்ததிலிருந்து நவநீதன் இதையேதான் சொல்லிக்கொண்டிருந்தான்.

பாகூர் கடைத்தெருவில் தெய்வசிகாமணிக்கு டிராக்டர் உதிரிபாகக் கடை. நெல் அறுக்கும் மெஷினை விவசாயிகள் போனிலேயே புக் செய்யட்டும் என்று பைத்தானில் ஒரு வெப்சைட் எழுத வைத்திருந்தார். எழுதிய பிரிட்டோ துபாய்க்குப் போய்விட்டான். வெப்சைட் ஒழுங்காக இருக்கிறதா என்று தானே சோதித்துச் சொல்லும் டெஸ்டுகளையும் அவன் எழுதி வைத்திருந்தான். அவற்றை ஓட்டிக் காட்டுவதுதான் அவன் இடத்துக்கு வந்த நவநீதனுக்கு முதல் வேலை.

ஓட்டினால், 'ஒரு டெஸ்டும் ஓடவில்லை' என்று மட்டும் வந்தது. தப்பு இருக்கிறது என்றாலாவது திருத்தலாம். ஓடவே மாட்டேன் என்பதை என்ன செய்வது?

"சாயந்திரத்துக்குள்ள ஓடலன்னா இந்த வேலைய கடலூர் கம்பெனிக்கே குடுத்துடுவேன். நீ ஒன் ஊரு செலியமேட்டுக்கு பஸ் ஏறிடு."

சென்னையில் வேலை போய், வீட்டில் வெகுநாள் சும்மா கிடந்தபின் நவநீதனுக்குக் கிடைத்த வேலை இது.

ஃபைல்களின் பெயரை மாற்றினான். வெப்சைட்டே காணாமல் போனது. பைத்தானைப் புதுப்பித்தான். லேப்டாப் முனகிக்கொண்டே நின்றது. பழைய தோழி கீர்த்திகாவுக்குப் போன் போட்டான்.

"எல்லாத்தையும் அழிச்சிட்டு திரும்பப் போடுடா."

அழித்தான். திரும்பப் போடும்போது நெட் போய்விட்டது.

"இப்ப இன்னா?"

"நெட்டு இல்ல மொதலாளி."

"நெட்டு இல்லன்னா டெஸ்டு, டெஸ்டு இல்லன்னா நெட்டு. நல்லா இருக்குது கதை!"

நெட் வந்ததும் பிரிட்டோ விட்டுப்போன பிரதியையே முழுசாக எடுத்துப் பழையபடி வைத்தான். வெப்சைட் வந்தது. டெஸ்டுகள் மட்டும் அசையவில்லை. இனி அவனுக்குத் தெரிந்த வித்தை எதுவும் பாக்கியில்லை. அழுகை வந்தது.

"என்னால முடியல மொதலாளி," என்று எழுந்துவிட்டான்.

தெய்வசிகாமணி சட்டென்று அந்த நாற்காலியில் உட்கார்ந்தார்.

"எத்த அமுக்கணும்?"

காட்டினான். ஒற்றை விரலால் அழுத்தினார். திரையில் பச்சை வரிகள் மளமளவென்று இறங்கின. எல்லா டெஸ்டும் பாஸ்!

"பாத்தியா! படிச்சவனாம்! நான் ஒரு வெரல்ல ஓட்டிட்டேன். பையத் தூக்கிக்கினு கெளம்புடா!"

நவநீதனின் கை தானாகப் பையைத் தேடியது.

கல்லாவில் இருந்த முதலாளியம்மா கமலவேணி காலண்டரையும் கடிகாரத்தையும் பார்த்துவிட்டுத் திரும்பினாள்.

"ஏங்க, அந்தப் புள்ளைய எதுக்கு வெரட்டறீங்க? ராகு காலம் இப்பதான முடிஞ்சிது. அது முடியற வரைக்கும் டெஸ்டு எதுவும் ஓடக்கூடாதுன்னு பிரிட்டோவ ஒக்கார வெச்சி எழுத வெச்சதே நீங்கதான?"